காரணம் என்றொரு கட்டம்

மங்கலம் ரோட்டுச் சாயப்பட்டறையில்
நிறத்துக்கு எண் போடும் எந்திரம் என் பொறுப்பு.
துணியை அதன் வாயில் வைத்தால்
ஒரு மின்னல், ஒரு சத்தம்,
அப்புறம் தசமப் புள்ளியோடு தீர்ப்பு.
ஒன்றுக்குக் கீழே வந்தால் பாஸ்.

தபாலில் படித்தது தத்துவம் எம்.ஏ.
காட்சி, கருதல், உரை,
அறிவுக்கு அளவை மூன்று என்று மனப்பாடம் செய்து
நைட் ஷிஃப்ட் முடித்த கண்ணோடு பரீட்சை எழுதினேன்.
நாலாவது ஒன்று
செக்கிங் மேசையருகே டீயை ஆற்றிக்கொண்டு நிற்கும் என்று
எந்தப் பாடத்திலும் இல்லை.

"இது வேறங்க," என்றார் துளசிமணி.
பாட்டில் பச்சை, நானூறு கிலோ.
எந்திரம் சொன்னது பூஜ்யம் புள்ளி நாலு.
"என்னங்க வேற? மஞ்சள் தூக்கலா, நீலம் கம்மியா?"
"அதெல்லாந் தெரீலீங்.
வேறன்னுதான் தெரியுது."

வெளிச்சப் பெட்டியில் விளக்கை மாற்றி மாற்றிப் பார்த்தேன்.
மூன்றாவது ஸ்விட்சில்
பச்சைக்குள்ளிருந்து ஒரு பழுப்பு
எழுந்து, என்னைப் பார்த்து, மறுபடி உட்கார்ந்தது.
அந்த விளக்கில் அவர் பார்க்கவே இல்லை.
சன்னலோரம் துணியை ஒருமுறை திருப்பியதோடு சரி.

ரிஜெக்ட் படிவத்தில் 'காரணம்' என்றொரு கட்டம்.
காலியாக விட்டால் ஆபீஸில் வாங்க மாட்டார்கள்.
ஆறு வருஷமாக நான் நிரப்புகிறேன்.
உப்பு கூடுதல். சூடு போதாது. தண்ணீர் மாறியது.
பாதிக்கு மேல் என் கற்பனை.
முடிவு முன்னால் போய்விடும்,
காரணம் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு
பின்னாலேயே ஓடும்.

எப்போதும் சரி என்றில்லை.
போன ஐப்பசியில் நல்ல லாட்டையே நிறுத்திவிட்டார்.
கன்டெய்னர் தவறியது. முதலாளி கத்தினார்.
மறுநாள் அதே துணியை வாசலுக்கு எடுத்துப்போய்
அவரே வந்து சொன்னார்:
"சரியாத்தானுங் இருக்குது.
ராத்திரியெல்லாம் பையனுக்குக் காய்ச்சல்.
நேத்து அதைத்தான் பாத்திருக்கறேன்."

ஒரு ஞாயிறு, அனுப்பர்பாளையத்தில் வாடகைக்கு வீடு.
வீட்டுக்காரர் மரியாதை தெரிந்தவர், மோர் கொடுத்தார்.
"எந்தூருங்?"
சொன்னேன்.
"ஊருக்குள்ளீங்களா, அக்கட்டயா?"
சிரித்து வைத்தேன்.
நான் டம்ளரை வைத்த இடத்தையே
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.
"வார மாசம் ஒறம்பரை வராங்க.
வூடு தோதுப்படாதுங்."
கேட் சாத்தியபின் உள்ளே யாரிடமோ சொன்னது
எனக்கும் கேட்டது:
"பாத்தாலே தெரியலையா?"

தெரிந்துதான் இருக்கிறது.
அவர் ஊகித்த தெரு சரியான தெரு.
கணக்கில்லாமல், கருவியில்லாமல்,
ஒரே பார்வையில்.
இதையும் நாலாவது அளவையில் சேர்ப்பதா?
ஒறம்பரை என்று அவர் நிரப்பிய கட்டத்தில்தானே
உப்பு என்று நான் நிரப்பிக்கொண்டிருந்தேன்?
அவிநாசி ரோட்டில் மூன்று பஸ்ஸை விட்டுவிட்டு நின்றேன்.
வாயில் மோர் புளித்தது.

திங்கட்கிழமை நாவல் நிறம், ஏழு ரோல்.
எந்திரம் பாஸ் என்றது.
துளசிமணி ஓரத்தில் ஒரு துண்டு வெட்டி
என் கையில் திணித்தார்.
"எனக்கென்னமோ ஒப்புலீங்.
வெளிய வாங், வெயில்ல வெச்சுப் பாப்பம்.
நீங்களும் பாருங்.
நாந் தப்பாக்கூட இருப்பன்."

நொய்யல் பக்கத்து மதிலோரம் இருவரும் நின்றோம்.
பதினோரு மணி வெயில், கண் கூசியது.
அவர் துணியைத் திருப்பினார்.
நான் இன்னும் ஒன்றும் காணவில்லை.
படிவம் சட்டைப் பையில்,
கட்டம் காலியாக.